உடலைப் பற்றித் தமிழில் பாடம் சொன்னவர்: வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் முன்னாள் அதிபர்களுள் ஒருவரையே நாம் தெரிவு செய்வோம் எனப் பலரும் எதிர்பார்த்திருப்பர். அவர்களைப் பற்றி எழுத எம்மிலும் தகுதியுடையோர் பலர் உளர். நாமோ எமது கல்லூரியில் ஒருநாளும் பாடம் எடுக்காத ஒருவரைத் தெரிவு செய்தோம். எமது சங்கம் தோன்றுவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கடல் கடந்த ஊரொன்றில் கண்மூடிவிட்டார்.

காரணம் எளியது. எம்முள் பலர் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளாகக் காலத்தைக் கழித்தவர்கள். காலை வழிபாடு முடிந்ததும் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் நகங்களைப் பார்த்தவர்கள் நாம். உண்ணுமுன் கைகழுவுவதையும், கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிப்பதையும், பல் துலக்குவதையும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடவேளையில் படம் கீறியும் பாட்டுப் பாடியும் சொல்லிக் கொடுத்தவர்கள். தரம் ஆறில் சுகாதாரமும் உடற்கல்வியும் என்று தனிப்பாடம் தொடங்குமுன், பிள்ளைக்குத் தன் உடலோடு முதல் அறிமுகத்தைச் செய்து வைப்பது ஆரம்பப் பிரிவு ஆசிரியையே. இன்று இது சாதாரண வேலை. ஆனால் உடல் எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வாறு இயங்குகிறது, அதை எவ்வாறு பேண வேண்டும் என்பவற்றைத் தமிழ் உரைநடையில் பாடநூலாக எழுதலாம் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் துணிய வேண்டியிருந்தது. அத்துணிவுடையவராய் இங்கு வாழ்ந்தவரே மானிப்பாய் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

எமது முன்னோரிடம் வைத்தியம் இருக்கவில்லை என்பது இதன் பொருளன்று. செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய பெரும் வைத்திய நூல்கள் இம்மண்ணில் எழுந்தவை. பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். ஆனால் அந்நூல்கள் செய்யுளில் அமைந்தவை. வைத்தியக் குடும்பங்களுக்குள்ளே ஏட்டுச் சுவடிகளாக வழங்கியவை. வைத்தியரல்லாத ஒருவர் எடுத்து வாசித்துத் தம் உடலை அறிந்துகொள்ளும்படியான எளிய உரைநடை நூல் ஒன்று வேண்டியிருந்தது.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தார். பெரிய குடும்பம், நிலபுலமுள்ள குடும்பம். அவருடைய தமையனார் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் நகரின் மத்திய பூங்கா உருவாவதற்கு உழைத்தவர். பிற்காலத்தில் பல ஊர்களை ஒன்றிணைத்து இன்றைய பெருநகரமாக ஆக்கியவர் என்று அந்நகர வரலாற்றிற் போற்றப்படுபவர். இளையவரான சாமுவேல் நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். தமையனாரைப் போல அந்நகரிலேயே தொழில் செய்து செல்வமும் செல்வாக்கும் பெற்றிருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனில் இணைந்து இலங்கைக்குக் கப்பலேறினார்.

1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அமெரிக்க மிஷன் 1816 முதல் இங்கு பணியாற்றி வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவில் பெண்கள் பாடசாலை 1824இலும் தொடங்கப்பட்டிருந்தன. வைத்தியப் பணியும் புதியதன்று. 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியர் ஜோன் ஸ்கடரும், அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் வைத்தியர் நேதன் வார்டும் பணி செய்திருந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே நோயாளரைப் பார்ப்பதோடு சில இளைஞரைச் சேர்த்து மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களுக்கு முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதே வேளையில் தாமும் தமிழ் கற்கலானார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை அடிக்கடி அச்சுறுத்தியது வாந்திபேதி. எமது குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்திற்கு இறைக்கவும் கிணறே கதி. கீழேயிருப்பது சுண்ணாம்புக்கல். மேலே கொட்டும் அழுக்கு நீர் வெடிப்புகளின் வழியே நிலத்தடி நீரைச் சென்றடையும் என்பதை இன்று ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்துகிறோம். ஆனால் அந்நாளில் உலகின் பேரறிஞர்களுக்கே வாந்திபேதி எவ்வாறு பரவுகிறது என்பது தெளிவாகத் தெரியாது. இலண்டனில் ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் ஒரு தெருக் குழாய்த் தண்ணீருக்கும் அந்நோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டியது 1854இல். நோய்க்கிருமியை ஜேர்மனிய அறிஞர் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து அடையாளங்கண்டது 1883, 1884இல். ஆகவே மானிப்பாயில் ஒரு வைத்தியரும் சில மாணவரும் மருந்துப் போத்தலை மாத்திரம் நம்பி ஒரு குடாநாட்டைக் காப்பாற்ற இயலாது. மக்கள் தம் உடலையும் உணவையும் நீரையும் பற்றித் தாமே அறிய வேண்டும். கிறீன் முதலில் எந்த நூலைத் தமிழாக்கத் தெரிவு செய்தார் என்பதைப் பார்த்தால், அவர் இதை உணர்ந்திருந்தார் என்பது புலப்படும்.

அவர் தெரிவு செய்தது கட்டர் என்ற அமெரிக்க வைத்தியர் பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதிய நூல். உடலின் அமைப்பு, உடலின் தொழில், உடலைப் பேணும் முறை ஆகிய மூன்றையும் அது கூறியது. கிறீனின் சொந்த மாநிலமான மாசச்சூசெற்ஸிலேயே 1850இல்தான் பொதுப் பாடசாலைகளில் உடற்றொழிலையும் சுகாதாரத்தையும் கற்பிப்பதற்குச் சட்டம் இடமளித்தது. அங்கே வகுப்பறைக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்த ஒரு பாடத்தை, அதே பத்தாண்டினுள் இவர் யாழ்ப்பாணத்தில் தமிழில் அச்சேற்றிவிட்டார். அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்பது அதன் பெயர். இத்தலைப்பு இன்று எமக்கு வாய்க்குள் நுழைய மறுக்கிறது. ஆனால் சற்று நின்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் பொருளுடன் நிற்கும். கேசாதிபாதம் என்று தலைமுதல் அடிவரை பாடும் மரபு எமக்குத் தெரியும். அதே வார்ப்பில் உடலுறுப்புகளை ஒழுங்காக விரிப்பது அங்காதிபாதம். உடலின் தொழிலைக் கூறுவது சுகரணவாதம். உடலைப் பேணிக்காப்பது உற்பாலனம். நாம் இன்று சுகாதாரம் என்று கற்பிப்பது இதனையே.

புதுச் சொற்களை ஆக்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழ் நூல்களிலும் வழக்கிலும் சொல் உண்டா என்று தேடுவார். அங்கே கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவார். அதுவும் உதவாதபோது மாத்திரம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய எழுதுவார். பிற்காலத்தில் வெளிவந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது அந்த மூன்றாம் வழியின் அழகான எடுத்துக்காட்டு. இப்பணியை அவர் தனியே செய்தாரல்லர். அவரிடம் கற்ற யாழ்ப்பாணத்து மாணவர்களே மொழிபெயர்ப்பில் அவருக்குக் கைகொடுத்தனர். அந்நூல்களைக் கிறீனின் நூல்கள் என்று நாம் சொல்லும்போதெல்லாம் அவர்களையும் நினைப்பது கடமை.

ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த முதற் பத்தாண்டு அவருக்கு ஒரு கசப்பான பாடத்தையும் தந்தது. கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தார். ஆங்கிலம் உத்தியோகத்திற்கு வழி என்றிருந்த காலத்தில் அம்மாணவரைக் குறைசொல்வது முறையன்று. ஆனால் ஊரவரின் வரியிலும் நன்கொடையிலும் வளரும் கல்வி ஊரவருக்குப் பயன்பட வேண்டாமா? 1858 முதல் 1862 வரை அமெரிக்காவில் விடுமுறையிற் கழித்து, மாக்கிரட் அம்மையாரை மணந்து மீண்டும் மானிப்பாய் வந்த கிறீன், 1864இல் மருத்துவ வகுப்பை முழுக்கத் தமிழில் நடத்தத் தொடங்கினார். தமிழிற் கற்றவர் தமிழூரில் நிற்பார் என்பது அவரது கணிப்பு. மேனாட்டு மருத்துவத்தை ஒரு வைத்தியர் முறையாகத் தமிழிற் கற்றுத் தேறலாம் என்பது அன்று செய்து காட்டப்பட்டது.

அந்தத் தமிழ் வகுப்புத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுள் பெருஞ்சோதனை வந்தது. 1866, 1867 ஆகிய ஆண்டுகளில் பஞ்சமும் வாந்திபேதியும் சேர்ந்து யாழ்ப்பாணத்தை வாட்டின. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். கிறீனும் அவர் மாணவரும் ஊரூராகச் சென்று பணியாற்றினர். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து, நோயாளியின் தாய்க்கு விளங்கும் மொழியில், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடிய வைத்தியர் எவ்வளவு பெறுமதியானவர் என்பதை அத்தகைய நாட்களே உணர்த்தும். கடந்த கொவிட் காலத்தில் அறிவித்தல்களை வாசித்து அயலவருக்கு விளங்கப்படுத்திய எமக்கும் இது தெரியும்.

நூல்கள் தொடர்ந்தன. பிள்ளைப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம் 1857இலும், சத்திர சிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867இலும் வந்தன. கிறே என்பாரின் புகழ்பெற்ற நூல் மனுஷ அங்காதிபாதமாகவும், மற்றொரு பெருநூல் வைத்தியாகரமாகவும் 1872இல் வெளிவந்தன. எல்லாம் சேர்த்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவத் தமிழ் அவர் காலத்தில் உருவாயிற்று. அவரிடம் பயின்று தேறிய வைத்தியர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

அவர் மதம் பரப்பும் நோக்கோடு வந்த மிஷனரி என்பதை மறைக்கத் தேவையில்லை. எமது சங்கத்தில் சைவரும் கிறிஸ்தவரும் உள்ளனர். அந்நாளைய மதப் பிரசாரத்தைப் பற்றி எம்மிடையே வேறுபட்ட கருத்துகளும் உண்டு. ஆனால் தம் மாணவர் கிறிஸ்தவராவதை விரும்பிய அவரே, அவர்கள் ஆங்கிலேயரைப் போலாவதை விரும்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தமிழர் தம் உடையிலும் வழக்கத்திலும் மொழியிலும் தமிழராகவே நிற்க வேண்டும் என்பது அவரது உறுதியான கருத்து.

பெண்களாகிய நாம் இவ்வரலாற்றை வாசிக்கையில் ஒரு குறையும் கண்ணிற்படும். கிறீனிடம் மருத்துவம் கற்றவர் அனைவரும் ஆண்கள். பிரசவ வைத்தியம் தமிழில் இருந்தது. ஆனால் பிரசவம் நடந்தது வீட்டு அறையில், மருத்துவிச்சியின் கையில். ஆண் வைத்தியர் முன் தம் நோயை வாய்திறந்து சொல்லப் பெண்கள் கூசினர். அக்கூச்சத்தால் உயிரிழந்தோர் எத்தனை பேரோ! பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எனத் தனியான மக்லியொட் வைத்தியசாலை இணுவிலில் 1898இல் அமைந்தது. அதற்காக நிதி திரட்டியவர்கள் லீச் சகோதரிகள். அங்கு நெடுங்காலம் பணியாற்றியவர் வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார். அதற்குள் கிறீன் மறைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் தமிழில் சொற்களைத் தேடித் தந்தார். அச்சொற்களைப் பெண்பிள்ளைகளின் காதுவரை கொண்டுசேர்க்கும் வேலை பெண்களுக்கென மீந்தது.

1873இல் கிறீன் உடல்நலம் குன்றி யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். மீண்டு வரவில்லை. ஆனால் பணியை விடவுமில்லை. வூஸ்ரரில் தம் குடும்ப வீட்டிலிருந்தபடியே, சுற்றிலும் தமிழ் பேசுவோர் எவருமில்லாத ஊரில், தமிழ் மருத்துவ நூல்களில் ஈடுபட்டிருந்தார். கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. மருந்துப் பொருள்கள் பற்றிய நூல் 1888இல் அச்சாகியபோது அவர் உயிருடன் இல்லை. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, அறுபத்தொரு வயதில் அவர் காலமானார். தம் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. பல்லாயிரம் மைல்களுக்கப்பால், பனி பெய்யும் ஒரு மயானத்தில், தமிழரின் பெயர் தாங்கிய கல் நிற்கிறது.

அவருக்குப் பின் காற்று எதிர்த்திசையில் வீசியது. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலே கற்பித்தது. தமிழில் மருத்துவம் கற்கும் வழி காலப்போக்கில் அடைபட்டது. மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்று அவர் பெயரைத் தாங்கி நின்றதே தவிர, அவரது நூல்களை எடுத்து வாசிப்போர் அருகினர். 1967இல் கவிஞர் அம்பி கிறீனின் அடிச்சுவடு என்ற நூலை எழுதி அவரை மீண்டும் எமக்கு அறிமுகஞ் செய்தார். உற்பாலனம் போன சொல்லாயிற்று, அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று. சொற்கள் மாறலாம். பிள்ளை தன் உடலைத் தன் தாய்மொழியிலே அறிய வேண்டும் என்ற அவருடைய கொள்கை மாறவேண்டியதன்று.

இதைச் சொல்லும் உரிமை எமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். எமது சொந்தக் குறையிலிருந்தே வந்தது. எம்முள் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்குப் பொறுப்பாக இருந்தார். அவ்வகுப்பிலே நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை கிழமைக்கணக்காக வயிற்றுக்குத்து என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், படிக்கக் கள்ளம் என்றார்கள், கண்ணூறு கழித்தார்கள். ஒருநாள் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோதுதான், சிறுநீர் கழிக்கையில் அவளுக்கு எரிவு இருந்தது தெரியவந்தது. பாடசாலை மலசலகூடத்திற்குப் போக அருவருத்து, காலை முதல் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்திருக்கிறாள். தொற்று சிறுநீரகம்வரை சென்றிருந்தது. நல்ல காலம், பிள்ளை தப்பினாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தன் உடலின் அப்பகுதிக்கு அவளிடம் சொல் இருக்கவில்லை. இருந்த சொல்லும் சொல்லக்கூடாத சொல் என்று கேட்டு வளர்ந்தவள். ஆகவே சொல்லக்கூடிய இடமாகிய வயிற்றைச் சொன்னாள். கண், மூக்கு, காது என்று பாட்டுப் படிப்பித்த ரீச்சர், வயிற்றுக்குக் கீழே வந்ததும் முழங்காலுக்குத் தாவிவிட்டார். அப்படித்தான் நாமும் படித்தோம், அப்படியே படிப்பித்தோம். நாம் படித்த காலத்திலும் உடல்வளர்ச்சி பற்றிய பக்கம் வந்தால் வீட்டில் வாசியுங்கள் என்று புத்தகம் மூடப்பட்டது. வீட்டிலோ அம்மா, அதைப் பள்ளிக்கூடத்திற் சொல்லித் தருவார்கள் என்றிருந்தார். இரண்டிற்கும் நடுவே பெண்பிள்ளை தனியே நின்றாள்.

நோய்க்கு மட்டுமன்று இது. தகாத முறையில் தன்னைத் தொட்டவரைப் பற்றித் தாயிடமோ ஆசிரியையிடமோ சொல்வதற்கும் பிள்ளைக்குச் சொல் வேண்டும். சொல் இல்லாத இடத்தில் குற்றஞ் செய்தவருக்குப் பயமில்லை. உறுப்பின் பெயரைக் கூச்சமின்றி, கேலியின்றி, சரியான தமிழில் சொல்லிக் கொடுப்பது பிள்ளையைக் கெடுப்பதாகாது. அவளுக்கு ஒரு வேலி போட்டுக் கொடுப்பதாகும். அந்தப் பிள்ளை வைத்தியசாலையிலிருந்து திரும்பி வந்தபின் அவ்வகுப்பில் உறுப்புகளின் பாடம் தலைமுதல் பாதம்வரை ஓரிடமும் விடாமல் நடந்தது. முதல் நாள் சிரிப்பு இருந்தது. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. தண்ணீர்ப் போத்தலும் சுத்தமான மலசலகூடமும் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்திற் கேட்டுப் பெற்றதும் அப்பாடத்தின் தொடர்ச்சியே. நடப்பிலே மாறாவிட்டால் சுகாதாரப் பாடம் மனனப் பாடமாகிவிடும்.

அந்நியர் ஒருவர், தாம் பிறந்த மொழியல்லாத எம் மொழியில், எமது உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் தேடிக் களைத்தார். அப்பெயர்களை எம் பிள்ளைகளிடம் சொல்ல நாம் வெட்கப்படலாமா? இச்சங்கத்தின் அடுத்த நூற்றாண்டிலே எமது பேத்திகளும் பூட்டிகளும் ஆரம்பப் பிரிவு வகுப்புகளில் நிற்பர். அவர்கள் படம் கீறித் தொங்கவிடும்போது ஓரிடத்தையும் தாவாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிறீன் என்ற அப்பெரியாருக்கு நாம் செய்யக்கூடிய நன்றிக்கடன் அதுவே. இம்மலரை வாசிக்கும் இளைய ஆசிரியைகள் நாளைக் காலை வகுப்பிலேயே அதைத் தொடங்குவார்கள் என்று நம்புகிறோம்.